மணிக்கொடியிலிருந்து மூவர்ணம் வரை: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் என் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். பள்ளிச் சுவரில் கொடி வரைய அளவு கேட்டு ஒரு தலைமை ஆசிரியர் வருவார். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்ட பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தா வருவார். தெருமுனையில் கம்பம் நட ஆசைப்படும் இளைஞர்களும் வருவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். நெல்லைச் சீமை என்று நான் சொல்வது இன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்கள் மூன்றையும் சேர்த்துத்தான். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரியும்வரை எல்லாம் ஒரே மாவட்டமாக இருந்தன.

எட்டயபுரத்துப் பாரதி பாடிய மணிக்கொடி இன்றைய மூவர்ணக் கொடிதானே?

இல்லை. இந்தக் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ‘தாயின் மணிக்கொடி’ பாட்டைக் கேட்காமல் நம் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. கண்ணெதிரே மூவர்ணம் பறக்க, அதையே பார்த்துக்கொண்டு பாடுவதால் பாட்டில் இருப்பதும் அதுதான் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது.

பாட்டை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கம்பத்தின் உச்சியில் பறப்பது ‘செய்ய’ பட்டு. செய்ய என்றால் சிவந்த என்று பொருள். அதன் நடுவில் வந்தே மாதரம் என்னும் மந்திரம் இருக்கிறது. ஒரு பக்கம் இந்திரனின் வச்சிராயுதம், மறுபக்கம் இளம்பிறை. காவியும் பச்சையும் சக்கரமும் அதில் இல்லை.

அந்த வச்சிரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. விவேகானந்தரின் சீடரான நிவேதிதை 1905ஐ ஒட்டி இந்தியாவுக்கென ஒரு கொடியை வடிவமைத்தார். சிவப்புத் துணி, அதில் மஞ்சள் வச்சிரம், இருபுறமும் வங்க எழுத்தில் வந்தே மாதரம். பாரதி நிவேதிதையை நேரில் கண்டு பேசியவர். அவரைக் குருவாக வரித்துக்கொண்டு, தம் கவிதை நூலையே அவருக்குக் காணிக்கையாக்கியவர். வச்சிரம் அந்த வழியாகத்தான் பாட்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிறையைச் சொல்லும்போது பாரதி ‘எங்கள் துருக்கர்’ என்று எழுதுகிறார். வகுப்பில் அந்த ‘எங்கள்’ என்ற இடத்தில் நான் எப்போதும் சற்று நிறுத்திவிட்டுத்தான் மேலே போவேன்.

பாரதி மறைந்தது 1921 செப்டம்பரில். இன்றைய கொடிக்கு மூலமான வரைவு காந்தியடிகளின் கைக்கு வந்ததே அந்த ஆண்டின் வசந்தத்தில்தான். ஆகவே அந்தப் பாட்டு மூவர்ணத்துக்கு மூத்தது. பாடுவதை நிறுத்திவிட வேண்டுமா என்று ஓர் ஆசிரியை வருத்தத்தோடு கேட்டார். நிறுத்த வேண்டாம், பாடுவதற்கு முன் இரண்டு நிமிடம் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்றேன்.

அப்படியானால் மூவர்ணம் எப்படி வந்தது?

நாற்பது ஆண்டுகளில், பல கைகள் பட்டு வந்தது. 1906 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவின் பார்சி பகான் சதுக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகளோடு ஒரு கொடி ஏறியது. மேலே எட்டுத் தாமரைகள், நடுவில் வந்தே மாதரம், கீழே சூரியனும் பிறையும். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த சோஷலிஸ்ட் மாநாட்டில் பிகாஜி காமா அம்மையார் அதையொத்த ஒரு கொடியை விரித்துக் காட்டினார். 1917இல் அன்னி பெசன்டும் திலகரும் தன்னாட்சி கேட்டு நடத்திய ஹோம் ரூல் இயக்கத்துக்கு ஐந்து சிவப்பும் நான்கு பச்சையுமாகப் பட்டைகள் கொண்ட ஒரு கொடி இருந்தது. அதன் மூலையில் பிரிட்டனின் யூனியன் ஜாக் இருந்தது. முழு விடுதலை கேட்ட தலைமுறை அதை ஏற்கவில்லை என்பதில் வியப்பில்லை.

1921இல் விஜயவாடாவில் காங்கிரஸ் கமிட்டி கூடியபோது பிங்கலி வெங்கையா என்ற ஆந்திரர் சிவப்பும் பச்சையுமான ஒரு வரைவைக் காந்தியடிகளிடம் கொடுத்தார். ராட்டை வேண்டும் என்ற யோசனையை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜ் முன்னரே சொல்லியிருந்தார். காந்தி வெள்ளையையும் சேர்க்கச் சொன்னார். அப்போதைய அடுக்கு இன்றையதுபோல் இல்லை. மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு. அவற்றின் மீது பெரிய ராட்டை.

1923இல் நாக்பூரில் அந்தக் கொடியை ஏந்தி ஊர்வலம் போகும் உரிமைக்காகவே ஒரு சத்தியாகிரகம் நடந்தது. 1929 டிசம்பர் 31 நள்ளிரவில் லாகூரில் ராவி ஆற்றங்கரையில் நேரு கொடியேற்றினார். 1931 ஆகஸ்டில் பம்பாயில் காங்கிரஸ் கமிட்டி காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசையை முடிவு செய்தது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரத்தை வைத்து இன்றைய வடிவத்தை நிறைவேற்றியது.

பிங்கலி வெங்கையாதான் கொடியை வடிவமைத்தார் என்று சொல்லலாமா?

1921ஆம் ஆண்டு வரைவு அவருடையது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, முப்பது கொடி வடிவங்களை வரைந்து ஒரு சிறு நூலாக வெளியிட்டவர் அவர். கூட்டங்களுக்குப் போய்ப் போய் இதே விஷயத்தை வலியுறுத்தியவர். ஆனால் 1931இன் நிற வரிசையும் 1947இன் சக்கரமும் கூடிப் பேசி எடுத்த முடிவுகள். பேச்சுப் போட்டியில் ‘வடிவமைத்தவர்’ என்று ஒரே சொல்லில் முடிப்பதைவிட, ‘முதல் வரைவைத் தந்தவர்’ என்று பிள்ளைகள் சொன்னால் எனக்கு நிறைவாக இருக்கும்.

கம்போடியப் பருத்தியை இங்கே விளைவிக்க அவர் செய்த ஆய்வுகளால் ஊரார் அவரைப் ‘பருத்தி வெங்கையா’ என்றே அழைத்தார்களாம். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல்காட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவருடைய பெயரை மறக்கவே மாட்டார்கள். 1963இல் வறுமையில் மறைந்தார். அவருடைய அஞ்சல்தலை 2009இல்தான் வெளிவந்தது.

காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு. சரிதானே?

இந்தக் கேள்வியில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. சரியில்லை. ஆனால் அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவும் கூடாது.

1921இல் காந்தி நிறங்களை விளக்கியபோது சிவப்பு இந்துக்கள், பச்சை முஸ்லிம்கள், வெள்ளை ஏனைய சமயத்தார் என்றுதான் சொன்னார். உடனே சிக்கல் முளைத்தது. எங்களுக்கு ஏன் தனி நிறம் இல்லை என்று சீக்கியர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இதைத் தீர்க்க 1931இல் ஏழு பேர் கொண்ட ஒரு குழு அமைந்தது. அந்தக் குழு முழுவதும் காவி நிறமாக, மூலையில் ராட்டையோடு ஒரு கொடியைப் பரிந்துரைத்தது. காங்கிரஸ் கமிட்டி அதை ஏற்கவில்லை. மூன்று நிறங்களையே வைத்துக்கொண்டது. சிவப்பைக் காவியாக்கி மேலே கொண்டுபோனது. கூடவே, நிறங்களுக்கு மதப்பொருள் எதுவும் கிடையாது என்று தீர்மானத்திலேயே எழுதியது. காவி வீரமும் தியாகமும், வெள்ளை உண்மையும் அமைதியும், பச்சை நம்பிக்கையும் பெருந்தன்மையும் என்று அன்று பொருள் சொன்னார்கள்.

1947இல் அரசியல் நிர்ணய சபையில் தீர்மானத்தைக் கொண்டுவந்த நேருவும் இந்தக் கொடிக்கு மத அடையாளம் ஏற்றக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொன்னார். அன்று அதே சபையில் பேசியவர் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். காவி பற்றற்ற தன்மையைக் குறிக்கும், தலைவர்கள் தம் லாபத்தைப் பாராமல் உழைக்க வேண்டும் என்றார். வெள்ளை நம்மை வழிநடத்தும் உண்மையின் ஒளி என்றார். பச்சை நமக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு, எல்லா உயிரும் சார்ந்திருக்கும் பயிருக்கும் நமக்கும் உள்ள உறவு என்றார்.

ஒருமுறை ஆறாம் வகுப்பில் கொடி வரையச் சொன்னபோது, சேரன்மகாதேவிப் பக்கத்துப் பையன் ஒருவன் பச்சைப் பட்டையில் சின்னச் சின்னக் கோடுகளாக நாற்று வரைந்திருந்தான். இது என்னப்பா என்று கேட்டேன். “பிசானம் சார்” என்றான். தாமிரபரணிக் கால்வாயில் தண்ணீர் வந்து பிசானச் சாகுபடி பச்சை கட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன். கொடியில் வேறு எதையும் எழுதவோ வரையவோ கூடாது என்பதால் கோடுகளை அழிக்கச் சொன்னேன். ஆனால் ராதாகிருஷ்ணன் சபையில் சொன்ன பொருளை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவன் கண்டுபிடித்துவிட்டான் என்பதையும் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

ராட்டையை ஏன் எடுத்துவிட்டார்கள்?

எடுத்துவிட்டார்கள் என்று சொல்வதே பாதி உண்மைதான். 1947ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் படித்தால் வெள்ளைப் பட்டையின் நடுவில் கருநீலச் சக்கரம் ஒன்று ‘ராட்டையைக் குறிக்கும் வகையில்’ இருக்கும் என்றுதான் வருகிறது. அந்தச் சக்கரத்தின் வடிவம் சாரநாத்தில் உள்ள அசோகரின் சிங்கத் தூணின் பீடத்தில் இருப்பதுபோல் இருக்க வேண்டும் என்பது அதற்கடுத்த வாக்கியம். ஆகவே சக்கரத்துக்குள் ராட்டை இன்னமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

மாற்றத்துக்கு நேரு சொன்ன காரணம் எங்களைப் போன்ற ஓவியர்களுக்கு எளிதில் புரியும். ராட்டையில் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் நூல் சுற்றும் கதிர். கொடியின் ஒரு புறத்திலிருந்து பார்த்தால் ஒருமாதிரியும் மறுபுறத்திலிருந்து பார்த்தால் இடம்வலம் மாறியும் தெரியும். கொடி என்பது காற்றில் இரண்டு பக்கமும் தெரியும் பொருள். சக்கரத்துக்கு இடம் வலம் கிடையாது.

இருபத்துநான்கு ஆரங்களுக்கு என்ன பொருள்?

நாளின் 24 மணி நேரம் என்கிறார்கள். 24 நற்குணங்கள் என்று ஒரு பட்டியலும் கைப்பேசிகளில் வலம்வருகிறது. தீர்மானத்தில் இவை எதுவும் இல்லை. சாரநாத் பீடத்தின் சக்கரத்தில் 24 ஆரங்கள் இருக்கின்றன, ஆகவே கொடியிலும் 24. சக்கரத்துக்கு ராதாகிருஷ்ணன் தந்த விளக்கம் இரண்டு: அது அறத்தின் சக்கரம், அது இயக்கம். தேக்கத்தில் சாவும் இயக்கத்தில் வாழ்வும் இருக்கிறது என்றார். பேச்சுப் போட்டிக்கு அது போதும்.

சுவரில் சக்கரம் வரைந்தால் ஆரங்கள் கூடிக் குறைந்து போகின்றன. எப்படி வரைவது?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஒரு பள்ளியின் சுற்றுச்சுவரில் 22 ஆரங்களோடு ஒரு சக்கரம் பல ஆண்டுகள் இருந்தது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு மாணவி எண்ணிவிட்டு வந்து சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. அன்று மாலையே சுண்ணாம்பு வாளியோடு போய் அழித்தேன்.

கோணமானி இல்லாமலே வரையலாம். வட்டத்தைப் போட்ட கவராயத்தின் விரிவை மாற்றாமல், சுற்றுக்கோட்டில் ஒரு புள்ளியில் ஊன்றி அடுத்த புள்ளியை வெட்டுங்கள். அங்கிருந்து அடுத்தது. ஆறாவது வெட்டில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கினால் 12. மறுபடி பாதியாக்கினால் 24. அடுத்தடுத்த ஆரங்களுக்கு இடையில் 15 பாகை இருக்கும். சுவர் பெரிதாக இருந்தால் கவராயத்துக்குப் பதில் ஆணியும் நூலும் போதும். சணல் வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். முதல் ஆரம் நேர் மேலே நிற்க வேண்டும். அது சரிந்தால் சக்கரமே சரிந்ததுபோல் தெரியும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் 2:3. மூன்று பட்டைகளும் ஒரே அகலம். அரசு வகுத்த ஒன்பது அளவுகளில் மிகப் பெரியது 6300 மில்லிமீட்டருக்கு 4200, மிகச் சிறியது 150க்கு 100. பள்ளிகளுக்குப் பொருத்தமான 900க்கு 600 அளவில் வெள்ளைப் பட்டை 200 மில்லிமீட்டர், சக்கரத்தின் விட்டம் 185. சக்கரம் வெள்ளையை முழுவதும் தொட்டுவிடக் கூடாது. மேலும் கீழும் ஒரு விரல் நகத்தளவு வெள்ளை தெரிய வேண்டும்.

வ.உ.சி. காலத்தில் திருநெல்வேலியில் எந்தக் கொடி பறந்தது?

நாடு முழுவதும் ஒப்புக்கொண்ட கொடி என்று அன்று எதுவும் இல்லை. ஒட்டப்பிடாரத்துச் சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்ற கப்பல்கள் ஓடின. 1908 மார்ச் 12 அன்று அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தை ஒன்றாகக் கட்டியது வந்தே மாதரம் என்ற இரண்டு சொற்கள். பாரதியின் மணிக்கொடியின் நடுவிலும் அதே சொற்கள் இருப்பது தற்செயல் அல்ல.

வ.உ.சி. மறைந்தது 1936 நவம்பர் 18 அன்று. ராட்டை பொறித்த மூவர்ணத்தின் காலத்தை அவர் கண்டார். சக்கரக் கொடியைக் காணவில்லை. இன்று பாளையங்கோட்டையில் அவர் பெயரில் உள்ள மைதானத்தில்தான் மாவட்ட ஆட்சியர் கொடியேற்றுகிறார்.

கொடி காத்த குமரன் நம் மாவட்டத்துக்காரரா?

இல்லை. ஈரோட்டுப் பக்கம் சென்னிமலையில் பிறந்தவர். 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் கொடியேந்திச் சென்ற ஊர்வலத்தில் அடிபட்டு, கையில் பிடித்த கொடியை விடாமல் விழுந்தார். மறுநாள் இறந்தார். வயது 27. அவர் பிடித்திருந்தது ராட்டைக் கொடி. அதே மாதம் 26ஆம் தேதி சென்னைக் கோட்டையின் உயர்ந்த கம்பத்தில் ஏறி யூனியன் ஜாக்கை இறக்கிவிட்டு மூவர்ணத்தைக் கட்டியவர் ஆர்யா என்கிற பாஷ்யம். பிள்ளைகள் இவ்விருவரையும் சேர்த்துப் பேசலாம்.

பிரதமர் கொடியேற்றுவது நம் செங்கோட்டையிலா?

சிரிக்க வேண்டாம், குற்றாலத்துக்கு அப்பால் வளரும் எல்லாக் குழந்தைக்கும் ஒரு வயதில் இந்தச் சந்தேகம் வருகிறது. அது தில்லிச் செங்கோட்டை. அங்கேயும் நேரு முதன்முதலாகக் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16 அன்று. 15ஆம் தேதி மாலை நிகழ்ச்சி இந்தியா கேட் அருகே நடந்தது.

ஆனால் நம் செங்கோட்டைக்கும் கொடிக்கதை உண்டு. மணியாச்சி ரயில் நிலையத்தில் 1911 ஜூன் 17 அன்று ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் ஊர் அது. அன்று அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. திருவிதாங்கூரின் கொடி சிவப்பில் சங்கு. தில்லியில் சக்கரக் கொடி நிறைவேறிய 1947 ஜூலை 22 அன்று திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர இன்னும் சம்மதிக்கவில்லை. தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த செங்கோட்டை அன்று சங்குக் கொடியின் கீழ்தான் இருந்தது. தமிழ்நாட்டோடு அது இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று.

கோயில் கொடிமரம், மாதா கோயில் கொடி, தர்காக் கொடி இவற்றோடு தேசியக் கொடியைக் கட்டலாமா?

கொடியேற்றம் என்ற சொல்லே நமக்கு விழாவின் தொடக்கம் என்று பொருள். நெல்லையப்பருக்கு ஆனித் திருவிழா கொடியேறாமல் தொடங்காது. தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்கு ஜூலை 26 அன்று கொடியேறி ஆகஸ்ட் 5 அன்று திருவிழா. பொட்டல்புதூரில் கந்தூரிக்குக் கொடி ஊர்வலம். திருச்செந்தூர் முருகனுக்குச் சேவற்கொடி. கொற்கையில் முத்துக் குளித்த பாண்டியருக்குக் கயற்கொடி. கொடியைக் கண்டதும் கை தானாகக் குவியும் மண் இது.

ஒரே கம்பத்தில் தேசியக் கொடியோடு வேறு கொடி எதையும் கட்டக் கூடாது. பக்கத்தில் வேறு கொடி பறந்தால் அது தேசியக் கொடிக்கு மேலே உயரக் கூடாது. ஆகஸ்ட் 15 திருவிழா நாளில் வந்தால் தனிக் கம்பம் நடுங்கள். சங்கக் கொடி, கட்சிக் கொடி எல்லாவற்றுக்கும் இதுதான் விதி.

கயிற்றை இழுத்தால் கொடி விரியாமல் சிக்கிக்கொள்கிறது. என்ன செய்வது?

இந்த வேதனையை நான் அனுபவித்திருக்கிறேன். தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் முந்தின நாளே பூவிதழ் வைத்துச் சுருட்டிக் கட்டிவிட்டார்கள். இரவெல்லாம் சாரல். கயிறு நனைந்து முடிச்சு இறுகிவிட்டது. காலையில் விருந்தினர் இழுக்க இழுக்க முடிச்சு அவிழவில்லை. கடைசியில் கொடியை இறக்கி, பல்லால் கடித்து அவிழ்த்தோம். பிள்ளைகள் அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள். பதற்றத்தில் மறுபடி கட்டியபோது காவி கீழே போய்விட்டது. தலைகீழாக ஏறிய கொடியைப் பார்த்த கணம் எனக்கு இன்றும் நெஞ்சில் குத்துகிறது.

ஆகவே அன்று காலையில் மட்டும் கட்டுங்கள். உருவு முடிச்சு ஒன்று போதும், இரண்டு வேண்டாம். கட்டியதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காவி வரும் மூலையில் நாடாவில் சிறு நூல் அடையாளம் தைத்துவையுங்கள். பூவிதழ் வைப்பதை விதி தடுக்கவில்லை, ஒரு கைப்பிடி போதும். ஏற்றும்போது விறுவிறுவென்று ஏற வேண்டும், இறக்கும்போது மெதுவாக இறங்க வேண்டும். இறக்கியதும் காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, பிறகு சக்கரம் மேலே தெரியும்படி இருபுறமும் மடியுங்கள். உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டு போய் வையுங்கள்.

வீட்டில் இரவிலும் பறக்கவிடலாமா? கதர்த் துணிதான் வேண்டுமா?

பறக்கவிடலாம். 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த கொடி விதித்தொகுப்பு, பொதுமக்கள் எல்லா நாட்களிலும் ஏற்ற வழிசெய்தது. கொடியேற்றுவது குடிமகனின் உரிமை என்று 2004இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சூரியன் மறைவதற்குள் இறக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 2022 ஜூலையில் தளர்ந்தது.

துணியில் 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாலியெஸ்டரும் இயந்திரத் துணியும் கூடும். சட்டம் ஏற்கிறது, என் மனம் முழுதாக ஏற்கவில்லை. ராட்டையிலிருந்து பிறந்த கொடி இது. திருநெல்வேலிப் பருத்தி என்று சந்தையில் தனிப் பெயரே இருந்த ஊர் நம்முடையது, கருங்கண்ணி என்ற பருத்தி விளைந்த கரிசல் நம்முடையது. கர்நாடகத்தில் ஹூப்ளிக்கு அருகே பெங்கேரியில் இன்னும் கதரில் கொடி தைக்கிறார்கள். விலை கூடுதல்தான். பள்ளிக்கும் ஊருக்கும் ஒன்றாவது கதரில் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்திக் கேட்பது வழக்கம்.

கிழிந்த கொடியையும் காகிதக் கொடிகளையும் என்ன செய்வது?

கிழிந்த, வெளுத்த கொடியைப் பறக்கவிடக் கூடாது. துடைக்கும் துணியாகவும் ஆகக் கூடாது. தனியிடத்தில் முழுவதுமாக, பெரும்பாலும் எரித்து, மரியாதையோடு முடிக்க வேண்டும். காகிதக் கொடிக்கும் அதே மரியாதை. ஆகஸ்ட் 15 மாலையில் வண்ணார்பேட்டைச் சாலையோரம் மிதிபட்டுக் கிடக்கும் சிறு கொடிகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. என் மாணவர்கள் சிலர் இன்றும் அன்று மாலை ஒரு பையோடு கிளம்பிப் பொறுக்கி வருகிறார்கள். கொடியை அவமதித்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

காரில் கட்டலாமா? சட்டையில் போடலாமா?

கார் முகப்பில் கம்பத்தோடு கட்டும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர்கள், நீதிபதிகள் போன்ற குறிப்பிட்ட பதவிகளுக்கு மட்டும். வண்டியின் மேல் போர்வையாகவும் விரிக்கக் கூடாது. உடையில் இடுப்புக்குக் கீழே கூடாது. கைக்குட்டையிலும் தலையணையிலும் கூடாது.

தூத்துக்குடியில் வெளிநாட்டுக் கப்பல்களில் நம் கொடி பறக்கிறதே?

எந்த நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழைகிறதோ அந்த நாட்டின் கொடியை மரியாதைக்காக ஏற்றுவது கப்பல்களின் மரபு. தன் நாட்டுக் கொடி பின்புறம் பறக்கும். இந்திய வணிகக் கப்பல்களின் பின்புறம் பறப்பது தனிக் கொடி: சிவப்புத் துணி, அதன் மேல் மூலையில் மூவர்ணம். கடற்படையின் கொடி வேறு. அதில் இருந்த செயின்ட் ஜார்ஜ் சிலுவை 2022 செப்டம்பர் 2 அன்று நீக்கப்பட்டது.

1947இல் பறந்த கொடியை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். 1947 ஆகஸ்ட் 15 அதிகாலை 5.05 மணிக்குச் சென்னைக் கோட்டையில் ஏறிய கொடி, அதே கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பட்டுத் துணி. பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். வெள்ளிக்கிழமை மட்டும் அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போனேன். கண்ணாடியின் முன்னே அரை மணி நேரம் நின்றார்கள். ஒருத்தி விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சக்கரத்தின் ஆரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.